பாட்டைக் கேளாமல் வாசித்தவர்

கை ஈரமாயிருக்கும் எவரிடமிருந்தும் கிறகோரி எதையும் வாங்கமாட்டார். தோளில் கிடக்கும் துவாயை முதலில் நீட்டுவார். அவர்கள் துடைத்து முடித்த பிறகே அவருடைய கை வெளியே வரும். கடிதமானாலும் கைக்குழந்தையானாலும் அப்படித்தான். கடலும் மீனும் ஐஸும் புழங்கும் குருநகர்க் கரையில் காலை வேளையில் உலர்ந்த கையோடு ஒருவரைக் காண்பதே அரிது. அந்த ஊரில் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாற்பது வருடம் காலந்தள்ளியிருக்கிறார்.

"கிறகோரி அண்ணை, கடலையும் ஒருக்காத் துடைச்சுத் தரட்டோ?" என்பார் மீன் விற்கும் செபமாலை.

"துடைச்சுப்போட்டுக் கூப்பிடு. வாறன்."

கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கிறது. முன்னால் போகிறவர் அதில் விரலை நனைத்து, பின்னால் வருபவரின் விரலைத் தொட்டு ஈரத்தைக் கொடுப்பது அங்கே வழக்கம். கிறகோரி பின்னால் வருகிறார் என்று தெரிந்தால் பழக்கப்பட்டவர்கள் தங்கள் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர் தானே தொட்டியில் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். தன் கை ஈரமாவதில் அவருக்கு ஒன்றுமில்லை. மற்றவர் கையின் ஈரந்தான் ஆகாது.

காரணம் கேட்டால், "ஈரம் ட்றம் தோலுக்குக் கூடாது" என்பார். ஆட்டுத்தோல் கட்டிய ட்றம்முக்கு அது பொருந்தும். அவருடைய ட்றம்முக்குப் பிளாஸ்ரிக் தோல் வந்து எத்தனையோ வருடங்கள். ஊருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒருவரும் அவரோடு வாதாடப் போவதில்லை.

அறுபத்துநாலு வயதில் இன்றைக்கும் அவர் வாசிப்பவர். பெருநாட்களுக்கு, வலிகாமத்துக் கலியாண மண்டபங்களுக்கு, செத்தவீட்டு ஊர்வலத்தில் பாண்ட் கோஷ்டியோடு சேமக்காலை வரைக்கும். பெரிய ட்றம்மை மிதித்து மிதித்து வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருத்துவிட்டது. காற்சட்டை தைக்கும் தையற்காரருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையில் இருக்குமுன் அதன் முன்காலை ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். "ஆடுற கதிரையிலை இருந்து நேரத்தைப் பிடிக்கேலாது" என்பார், வாசிக்க வராத வீட்டிலும்.

அவரோடு கதைக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்பார். புதியவர்கள் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வார்கள். முகங்களை அவர் மறந்துபோவார், கைகளை மறப்பதில்லை. ஒருநாள் பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடித்திருந்த ஒரு கையைப் பார்த்து, "நீ இரத்தினம்மாவின்ரை மூத்தவன் எல்லோ? எப்ப பிரான்சாலை வந்தனி?" என்று கேட்டிருக்கிறார். ஊரைவிட்டுப் போகும்போது அந்த ஆளுக்குப் பன்னிரண்டு வயதுதான்.

இந்தக் கைப்பார்வை அவருக்குப் பிறப்பில் வந்ததல்ல. ஒலிப்பதிவில் வந்தது.

1979இல் குருநகர்ப் பொடியன்கள் ஐந்து பேர் சேர்ந்து நங்கூரம் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். பெரிய ட்றம்மின் முகத்தில் நீலநிற நங்கூரம் ஒன்று வரைந்திருந்தது. அதை வரைந்தவர் வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிறவர் என்பதால் நங்கூரத்தோடு ஒரு பதிவு இலக்கத்தையும் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டார். பாடகரும் தலைவரும் கிறிஸ்துநாயகம். கிறகோரியைவிட நாலு வயது மூத்தவர், கடற்றொழிலாளி, சின்னத்தங்கம் என்பவரின் கணவர். கொடிகாமத்தில் ஒரு கலியாணத்துக்கு அவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து வாசித்ததைக் கிறகோரி இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார். பாட்டு முடியுமுன் சாரதி இயந்திரத்தை எடுத்துவிட்டானாம். "மாப்பிளை வீட்டிலை தொடங்கின பாட்டு. முடியேக்கை நாங்கள் பொம்பிளை வீட்டிலை நிக்கிறம். மாப்பிளை பின்னாலை சைக்கிள்ளை வாறார்."

அந்த ஐவரில் இப்போது மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

1982இல் ஆவணி மாதம் ஒரு காலைப்பொழுதில் நங்கூரம் குழு மூன்று பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் வானொலிப் பெட்டி திருத்தும் பஞ்சலிங்கம் என்பவர், வல்வெட்டித்துறைக் கப்பலோட்டி ஒருவரிடம் ஸ்பூல் போட்டுப் பதியும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார். கடையின் பின்னறையே பதிவுக்கூடம். சுவரெல்லாம் சாக்கும் தும்புப் பாயும். ஒலிவாங்கிகள் இரண்டு: ஒன்று பாடகருக்கு, மற்றது மீதிப் பேர் எல்லாருக்கும். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பதியவேண்டும். யாராவது பிழைவிட்டால் எல்லாரும் திரும்பத் தொடங்கவேண்டும்.

கிறகோரி முதல் அடி அடித்ததும் இயந்திரத்தின் ஊசி கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி, நீர் கொஞ்சம் பின்னுக்குப் போம்" என்றார் பஞ்சலிங்கம்.

மூலைக்குப் போனார். காணாது. வாசற்படிக்குப் போனார். அந்தத் தூரமும் போதவில்லை. கடைசியில் ட்றம்மைப் பின்விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக் கதவையும் சாத்திவிட்டார்கள். இப்போது சத்தம் சரி. ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே, தன் ட்றம் சத்தத்துக்குள் இருக்கும் ஒருவனுக்குப் பாட்டு எப்படிக் கேட்கும்?

அதற்கும் பஞ்சலிங்கம் வழி வைத்திருந்தார். கதவில் உக்கியிருந்த பலகைத்துண்டு ஒன்றைக் கழற்றினார். கிறிஸ்துநாயகம் கதவோடு ஒட்டி நின்று பாடவேண்டும். இடது கையை அந்தத் துவாரத்தால் முழங்கைவரை வெளியே விட்டுத் தாளம் காட்டவேண்டும். கையைச் சுற்றியிருந்த இடைவெளியைப் பழஞ்சேலைத் துண்டால் அடைத்தார்கள். கிறகோரி அந்தக் கையைப் பார்த்து வாசித்தார். உடம்பில்லாத ஒரு கை, சாத்திய கதவிலிருந்து முளைத்து, மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பெருவிரல் நகம் நங்கூரக் கயிறு அடித்துக் கறுத்தது. மணிக்கட்டில் உருக்குப் பட்டி போட்ட மணிக்கூடு. ஒவ்வொரு தாளத்துக்கும் பட்டி வெயிலில் பளிச்சிடும். அந்தப் பளிச்சைப் பிடித்துக்கொண்டு அவர் அடித்தார். பாட்டின் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை.

முதலிரண்டு பாட்டும் நன்றாக முடிந்தன. கை உள்ளே போகும், கிறகோரி நிறுத்துவார். மூன்றாவது பாட்டு முடிந்தும் கிறகோரி நிறுத்தவில்லை. பதினாறு சுற்று அடித்துக்கொண்டே இருந்தார். பஞ்சலிங்கம் வந்து கதவைத் திறந்த பிறகுதான் கோல்கள் நின்றன.

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழுவில் ஓகன் வாசிக்கிறவர், "இவனை விட்டால் பின்னேரம் மட்டும் அடிப்பான், சாப்பாட்டை இஞ்சை கொண்டுவாங்கோ" என்றார். கிறிஸ்துநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு எதிரிலிருந்த கடையில் தேநீர் குடிக்கும்போது அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "டேய், என்னத்தைப் பாத்தனி?" என்று கேட்டார்.

"வெயில் கண்ணுக்குள்ளை அடிச்சுப்போட்டுது அண்ணை."

அது பொய். விறாந்தை வெயில் கிறகோரியின் முதுகுப் பக்கம் இருந்தது.

அவர் பார்த்தது இதுதான். கை உள்ளே போகவில்லை. தாளம் காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் பளிச்சென்பது நின்றுவிட்டது. மணிக்கட்டில் மணிக்கூட்டைக் காணவில்லை. அதே கறுத்த நகம், அதே கை, ஆனால் தோல் வெளிறி, விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோலச் சுருங்கியிருந்தன. முழங்கையிலிருந்து விரல்வரை தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கை கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி தெறித்து ட்றம்மின் மேல் விழுந்தது. அந்தக் கை காட்டிய தாளம், அதற்குமுன் அது காட்டிய எந்தத் தாளத்தையும்விட நேராயிருந்தது. நிறுத்தவேண்டும் என்று நினைத்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. கதவு திறந்தபோது துவாரத்தில் சேலைத்துண்டு மட்டும் செருகியிருந்தது.

எல்லாரும் போன பிறகு அவர் ட்றம் தோலைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. ஆனால் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் பட்டினத்தில் எதைத் தொட்டு நாக்கில் வைத்தாலும் உப்புத்தான் கரிக்கும். வெயிலில் வேர்வையும் வழிந்திருக்கலாம். இந்த நியாயங்களையெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார், பலமுறை. ஒரு நியாயத்தை ஒருவன் எத்தனை முறை சொல்லிப் பார்த்தால் அதை நம்புவான்?

மூன்று வருடம் கழித்து, 1985இல், விடியப்புறம் கடலுக்குப் போன கிறிஸ்துநாயகத்தின் வள்ளம் மத்தியானம்போலப் பாசையூர்ப் பக்கம் தானாக ஒதுங்கியது. வலை இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. ஆள் இல்லை. மணிக்கூடு வீட்டில் ஆணியில் தொங்கியது. கடலுக்குப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். சின்னத்தங்கத்துக்கு அப்போது நாலு மாதம். வயிற்றில் இருந்தவள் கிறிஸ்ரினா.

உடல் கரைசேரவில்லை. உடல் வராத இடத்துக்குக் கதை வந்து சேரும். ஒரு வருடத்துக்குள் அக்கரையிலிருந்து வந்த ஒருவர், இராமேஸ்வரம் பக்கம் ஒரு கலியாண வீட்டில் கிறிஸ்துநாயகம் பாடக் கேட்டதாகச் சொன்னார். ஆளை அவர் காணவில்லை, மதிலுக்கு வெளியே நின்று குரலைத்தான் கேட்டாராம். சின்னத்தங்கத்துக்கு அது போதுமாயிருந்தது. அன்றிலிருந்து அவர் கைம்பெண்ணுமில்லை, சுமங்கலியுமில்லை, கைவிடப்பட்டவர். "எங்கையோ ஒரு மேடையிலை பல்லை இளிச்சுக்கொண்டு நிப்பார். நான் இஞ்சை அவற்றை பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிறன்" என்று அவர் சொல்லாத நாள் குறைவு. ஐப்பசி முடிவில் கோயிலில் ஒரு கடிதவுறை தருவார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி அதில் வைத்துக் கொடுத்தால், மரித்த ஆத்துமாக்களின் நாளன்று பூசையில் வாசிப்பார்கள். சின்னத்தங்கம் தாய் தகப்பன் பெயரை எழுதுவார், மாமன் மாமி பெயரை எழுதுவார். கணவரின் பெயரை ஒரு வருடமும் எழுதியதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு என்னத்துக்குப் பூசை?

அந்தப் பெயர் எழுதப்படாத ஒவ்வொரு வருடமும் கிறகோரி கோயிலின் பின்வரிசையில் இருந்து பெயர்ப் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருப்பார். கிறிஸ்துநாயகம் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை, கடலில்தான் போனார் என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் தான் ஒருவரே என்பது அவருடைய நம்பிக்கை. ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? மூன்று வருடம் முன்னரே நான் அந்தக் கையைக் கண்டேன், அண்ணை என்னைக் கேட்டார், வெயில் என்று சொல்லிவிட்டேன் என்றா? சொல்லியிருந்தால் அவர் கடலுக்குப் போகாமல் இருந்திருப்பாரா? குருநகரில் அவர் வேறெங்கே போயிருப்பார்? இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் அவருடைய நாற்பது வருடமும் போயிற்று. 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமானை விட்டுவிட்டு அவர் பெரிய ட்றம்மைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஒருபக்கத் தோலைக் கழற்றி, யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையை அதற்குள் கிடத்தினார்கள். அந்தப் பிள்ளை தாளம் பிசகாமல் மூச்சுவிட்டது என்று சொல்வார். ஆளற்ற வள்ளத்தைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த வருடம் புரட்டாதியில் ஒரு கசெற் அகப்பட்டது. வல்வெட்டித்துறையில் ஒரு பழைய வீட்டின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. கடைக்கு விடுவதற்குமுன் கேட்டுப் பார்க்கப் பஞ்சலிங்கம் எடுத்துக் கொடுத்த முதற்பிரதி. விற்பனைக்கு வந்தவை இடப்பெயர்வுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றில் மூன்றாவது பாட்டின் வாலை வெட்டியிருந்தார், இதில் வெட்டவில்லை. அது கைமாறிக் கைமாறி, அரியாலையில் வீட்டோடு ஒரு சிறிய பதிவுக்கூடம் வைத்திருக்கும் நிருஷனிடம் வந்து, அவன் மூலம் கிறிஸ்ரினாவுக்குத் தெரியவந்தது. முப்பத்தொன்பது வயதில், கொடிகாமத்தில் படிப்பிக்கும் ஆசிரியை, தகப்பனின் குரலை முதன்முதலாகக் கேட்டாள்.

ட்றம் சத்தம் தகரத்தில் மழை பெய்ததுபோல இருக்கிறது, பாட்டை வெளியிடுவதானால் அதை மட்டும் புதிதாக வாசித்துச் சேர்க்கவேண்டும் என்றான் நிருஷன். கிறிஸ்ரினா கிறகோரியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை. கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் ட்றம்மை வைத்திருந்தார்கள். கிறகோரி கதிரைக் காலை அசைத்துப் பார்த்துவிட்டு இருந்தார். நிருஷன் காதுக்குள் கேட்கும் கருவியை மாட்டிவிட வந்தான். குடித்த தண்ணீர்ப் போத்தலின் ஈரம் அவன் கையில் இருந்தது. கிறகோரி துவாயை நீட்டினார். அவன் ஒன்றும் விளங்காமல் துடைத்துக்கொண்டான்.

"அங்கிள், இதுக்குள்ளை பாட்டுக் கேக்கும். கேட்டுக் கேட்டு அடியுங்கோ. அவ்வளவுதான்."

"கேட்டுக்கொண்டோ?"

"ஓம். பின்னை?"

"நான் உந்தப் பாட்டைக் கேட்டு அடிக்கேல்லைத் தம்பி."

கண்ணாடிக்கு அப்பால் கிறிஸ்ரினா இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இருந்தாள். கிறகோரி அந்தக் கைகளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "உந்தக் கண்ணாடியை ஒரு துணியாலை மூடிவிடு" என்றார். நிருஷன் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கட்டினான்.

நாற்பத்திரண்டு வருடம் கழித்து, அந்தப் பாட்டை அவர் வாசித்துக்கொண்டே கேட்டார். அண்ணை எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லில் கொஞ்சம் சுணங்கினார் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. கைக்குத் தெரிந்திருந்தது காதுக்குப் புதிதாயிருந்தது. பாட்டு முடிந்தது. அவர் சரியான இடத்தில் நிறுத்திக் கோல்களைத் தொடைமேல் வைத்தார். நிருஷன் பாட்டை நிறுத்தவில்லை.

காதுக்குள் பழைய ட்றம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இருபத்திரண்டு வயதுக் கைகள், கதவுக்கு வெளியே. அறைக்குள் யாரோ சிரித்தார்கள். ஒரு கதிரை இழுபட்டது. பிறகு ஒலிவாங்கிக்குச் சற்று விலகி, பாடாத, வெறும் கதைக்கும் குரலில் கிறிஸ்துநாயகம் சொன்னார்:

"நான் கையை உள்ளுக்கை எடுத்திட்டன். அவன் ஆற்றை கையைப் பாத்து அடிக்கிறான்?"

கிறகோரி கருவியைக் கழற்றினார். கழற்றிய பிறகும் அது மடியில் கிடந்து சன்னமாக அடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது நிருஷன் திரையில் எதையோ காட்டினான். கோடு கோடாக அடிகள் நின்றன. "இஞ்சை பாருங்கோ அங்கிள். பாட்டுக்குள்ளை கொஞ்சம் கூடுது, கொஞ்சம் குறையுது. மனுசர் வாசிச்சால் அப்பிடித்தான். பாட்டு முடிஞ்சாப் பிறகு வாறதைப் பாருங்கோ. பதினாறு சுற்றும் நூல் பிடிச்ச மாதிரி. இப்ப மெசினிலை போட்டாலும் இவ்வளவு நேராய் வராது. தனிய இருந்து இதை எப்பிடி அடிச்சனீங்கள்?"

கிறகோரி திரையைப் பார்க்கவில்லை. "இந்த வாலை வெட்டப்போறியோ?" என்று கேட்டார்.

"வெட்டினால்தானே வடிவு."

"வெட்டாதை."

வாசலில் முச்சக்கர வண்டிக்குக் காத்து நிற்கும்போது கிறிஸ்ரினா தொடங்கினாள்.

"மாமா, அப்பா கதைச்சு எனக்கிருக்கிறது அந்த ஒரு வசனந்தான். நூறு தரம் கேட்டிட்டன். அது உங்களைப் பற்றின கேள்வி."

"பகிடிக்குக் கேட்டவர் பிள்ளை."

"பகிடிக் குரல் இல்லை. எனக்கு அவரைத் தெரியாது, ஆனால் அது பகிடி இல்லை." அவள் கைப்பையைத் திறந்து கோயிலில் தந்த கடிதவுறையை எடுத்தாள். "வாற கிழமை உதைக் குடுக்கவேணும். அம்மாவுக்கு இந்த வருசம் இருதயத்திலை அடைப்பு எண்டு சொல்லிப்போட்டினம். அவ போறதுக்குள்ளை எனக்கு ஒண்டு தெரியவேணும். அவர் எங்களை விட்டிட்டுப் போனவரோ, இல்லாட்டிச் செத்தவரோ? அவரோடை நிண்டவையிலை நீங்கள் ஒராள்தான் மிச்சம். உங்களுக்கு என்னவோ தெரியும். நான் சின்னனிலையிருந்து பாக்கிறன், அம்மா அவரைத் திட்டத் தொடங்கினால் நீங்கள் எழும்பிப் போயிடுவியள்."

வண்டி வந்து நின்றது. கிறகோரி ஏறி ஓரமாக இருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டை வாறன்" என்றார். "அம்மாவுக்கு முன்னாலை சொல்லுறன்."

"சத்தியமோ?"

"ஓம். உங்களுக்கு நான் தரவேண்டிய கதைதான்."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வெள்ளைச் சேட்டும், தோய்த்துக் காயவைத்த புதுத் துவாயும். முன்னறையில் காற்றாடிக்குக் கீழே சின்னத்தங்கம் சாய்வு கதிரையில் இருந்தார். நாற்பது வருடம் ஒருவரைத் திட்டிய வாய் இப்போது மூச்சுக்கு இடம்விட்டு விட்டுத்தான் கதைத்தது. மேசையில் கடிதவுறை, அதன்மேல் பெயர் எழுதும் தாள். நாலு பெயர்கள் கிறிஸ்ரினாவின் ஆசிரியை எழுத்தில் வரிசையாக இருந்தன. ஐந்தாவது கோடு வெறுமையாக இருந்தது. பேனை மூடியில்லாமல் பக்கத்தில் கிடந்தது.

கிறிஸ்ரினா தேநீர் கொடுத்தாள். கிறகோரி சூட்டோடு ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ மாமா?"

"காணும் பிள்ளை."

அவள் கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டாள். சின்னத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதிப் பாட்டில், "மூக்காலை பாடுறார். அண்டைக்கு அவருக்குத் தடிமன். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்து விட்டனான்" என்றார். அந்தக் குரலைப் பற்றி அவர் வசையில்லாமல் ஒரு வார்த்தை சொன்னதை மகள் அன்றுதான் கேட்டாள்.

பாட்டு முடிந்தது. ட்றம் அடித்துக்கொண்டே போனது. பிறகு அந்த வசனம் வந்தது.

சின்னத்தங்கம் கண்ணைத் திறந்தார். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நிமிர்ந்தார். ஆளைத் தேடுவதுபோல முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு மேசையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார்.

"என்னத்தைக் கேக்கிறார்?"

கிறிஸ்ரினா அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் சொன்னாள்.

ட்றம் இன்னும் ஓயவில்லை. பதினாறு சுற்று என்பது கேட்பவர்களுக்கு எவ்வளவு நீளமானது என்பது கிறகோரிக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அது நின்றது. தாயும் மகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயின் கைகள் மடியில் கிடந்தன. மகளின் கை தாளின்மேல், பேனைக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

"சொல்லன் கிறகோரி" என்றார் சின்னத்தங்கம், கோபமில்லாமல். "மனுசன் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

கிறகோரி வாய் திறந்தார். பிறகு மேசையிலிருந்த வெறுங்கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, உதட்டில் வைத்து, தலையை நிமிர்த்தி, இல்லாத தேநீரை நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தார்.